நவூரு நாட்டவர்

அழகருக்கு நாடு இல்லை என்று இரண்டு அரசாங்கங்கள் எழுத்தில் சான்று கொடுத்திருந்தன. இலங்கையின் கடிதம் ஒரு பக்கம். இந்தியாவின் கடிதம் ஒன்றரைப் பக்கம். இரண்டையும் பிஸ்கட் டின்னுக்குள், மகள் தனலெட்சுமியின் கல்யாணப் படத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்தார்.

இலங்கை சொன்ன காரணம், நாற்பத்தேழாம் வருஷம் தகப்பனுக்குக் காரியம் செய்ய இந்தியா போன அழகர் பதின்மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார் என்பது. பன்னிரண்டு மாதத்துக்குள் அழுது முடித்திருந்தால் யோசித்திருப்பார்களாம். இந்தியா சொன்ன காரணம், துறையூர்ப் பக்கத்தில் அவர் குறிப்பிட்ட கிராமத்தில் விசாரித்துப் பார்த்ததில் அப்படியொரு குடும்பம் இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது. ஆக, அழகர் இந்தியாவில் பதின்மூன்று மாதம் இருந்தது இலங்கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இந்தியாவுக்குத்தான் தெரியவில்லை.

இத்தனை நாளும் இதனால் பெரிய தொந்தரவு எதுவும் இருக்கவில்லை. விடிந்தால் ஆள் பேர் கூப்பிடும் பெரட்டு, பெரட்டு முடிந்தால் மலை. மலையில் அழகருக்கு உரம் போடும் வேலை. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலைச் செடியின் தூருக்குத் தூர் கைப்பிடி உரம் வீசிக்கொண்டு போகிறவனைச் செடி எதுவும் நீ எந்த நாடு என்று கேட்பதில்லை. மகளைக் கட்டியவனுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்து, மூன்று வருஷத்துக்கு முன்பு அவளும் கோச்சி ரயிலேறி இந்தியா போனபோதுதான், கூடப் போக முடியாத ஆள் தாம் என்பது ஒரு தடவை உறைத்தது. அதையும் மனைவி இராக்கம்மா அழுது தீர்த்துவிட்டாள். அவருக்கு மிச்சம் வைக்கவில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறு வருஷம், எழுபத்தாறில், தொழிற்சாலைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அழகர் குடியிருந்த கீழ்ப் பிரிவைத் துண்டு போட்டுச் சுற்றுக் கிராமத்து ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் ஆடி மாதக் கடைசிக்குள் தங்கள் நாட்டைக் காட்ட வேண்டும். இலங்கைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு மேல் பிரிவில் ஓர் அறைக் காம்பரா கிடைக்கும். இந்தியப் பாஸ்போட் உள்ளவர்கள் கப்பலுக்குத் தயாராக வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் காம்பராவைத் தாமாகவே காலி செய்துவிட வேண்டியது.

தாமாகவே காலி செய்து எங்கே போவது என்று காகிதத்தில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அழகர் ஸ்பிரிங்வெளி பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்கு இறங்கினார். பஜாரில் பலீல் ஹாஜியாரின் குடைக்கடை வாசலோரம் அவருடைய மகன் புவாத் ஒரு மேசை போட்டு, டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தான். கொலிஜ் படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை மனு அடித்துக் கொடுக்கிறான். இப்படி நாலு வருஷமாகிறது. இந்தியாவுக்குப் போன விண்ணப்பமும் அவன் கையால் அடித்ததுதான்.

"இன்னொரு மனு அடிக்கணும் தம்பி."

"ஆருக்கு அண்ணே?"

"அதுதான் தெரியல. ரெண்டு பேரும் இல்லேன்னுட்டாங்களே."

புவாத் தலையைச் சொறிந்தான். மேசைக்கடியில் கையை விட்டு, தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகத்தை இழுத்து வெளியே போட்டான். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச் சென்றது. உலகத்து நாடுகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, நீள அகலம், விளைச்சல், ஆட்சி எல்லாம் எழுதியிருந்தது.

"இதுல நூத்தி அம்பத்தாறு நாடு ஈக்கி அண்ணே. ரெண்டுதான் இல்லண்டு சொல்லீக்கி. மத்த நூத்தி அம்பத்திநாலுக்கிட்டயும் நீங்க இன்னம் கேக்கவே இல்லயே?"

உள்ளேயிருந்து குடைக் கம்பி நிமிர்த்திக்கொண்டிருந்த ஹாஜியார் குரல் கொடுத்தார். "டேய், அந்த மனிசன் என்ன கவலயில வந்தீக்கார், நீ என்ன பேச்சுப் பேசுற?"

அழகர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. இதுவரை அவருக்குச் சொல்லப்பட்ட காரணங்களோடு வைத்துப் பார்த்தால் இது அப்படியொன்றும் மோசமான பேச்சாகத் தெரியவில்லை. கேட்காமலே இல்லை என்று எப்படி முடிவு கட்டுவது?

"சின்ன நாடாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. பெரிய நாட்டுல நம்ம காயிதம் அடியில போயிரும்."

விளையாட்டுக்குச் சொன்னவன் மாட்டிக்கொண்டான். பக்கத்தைப் புரட்டினான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தா ஈக்கி. நவூரு. பசிபிக் சமுத்திரத்துல ஒரு தீவு. எட்டு சதுர மைல்."

"எட்டு மைலா?"

"ஏக்கர்ல பாத்தா ஐயாயிரத்துச் சொச்சம். ஒங்கட தோட்டமும் பக்கத்து ரெண்டு தோட்டமும் சேந்தா ஒரு நாடு."

"அதுக்கு தொரை யாரு?"

"தொரை இல்ல அண்ணே, ஜனாதிபதி. பாராளுமன்றம் ஈக்கி, பதினெட்டுப் பேர். அவங்க கூடி அவங்களுக்குள்ளயே ஒத்தரை ஜனாதிபதியாப் போடுவாங்க. அறுபத்தெட்டுலதான் சுதந்திரம் கெடச்சீக்கி."

அழகர் மனசுக்குள் கணக்குப் போட்டார். மூன்று தோட்டத்துக்கு மூன்று துரை, ஆறு கணக்கப்பிள்ளை, பதினைந்து கங்காணி. பதினெட்டுப் பேர் என்பது ஒன்றும் அதிகமில்லை. "பொழப்பு என்னா?"

புவாத் வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகத்தில் குறும்பு ஏறியது. "பொஸ்பேட். ஒரம் அண்ணே, ஒரம்! நாடு முழுக்க ஒரத்தாலயே ஆனது. அதை வெட்டிக் கப்பல்ல ஏத்துறதுதான் தொழில். வரி கெடையாது. ஆஸ்பத்திரி சும்மா. பள்ளிக்கூடம் சும்மா."

"அப்ப செடி என்னா போட்டிருக்கான்?"

"செடியே இல்ல. கரையோரம் கொஞ்சம் தென்ன. நடுவுல வெட்டி எடுத்த எடமெல்லாம் வெறும் கல்லு."

"நாடு முழுக்க ஒரம், ஒரு செடி இல்ல." அழகர் உச்சுக்கொட்டினார். "வேல தெரிஞ்ச ஆளு இல்ல போலருக்கு."

மனு தயாரானது. கேலியானாலும் புவாத் அதை ஒழுங்காகச் செய்கிறவன். மகா கனம் பொருந்திய ஜனாதிபதி அவர்களின் சமுகத்துக்கு, இலங்கை ஊவா மாகாணத்து ஏழைத் தொழிலாளி அழகர் மிகத் தாழ்மையாக விண்ணப்பிப்பது யாதெனில், தாம் முப்பத்தொரு வருஷமாக உரத்திலேயே புழங்கி வருவதாகவும், தமக்கும் மனைவிக்கும் வேறு எந்த நாட்டோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரண்டு அரசாங்கங்கள் உறுதி செய்திருப்பதாகவும், ஆகவே நவூருவின் மேல் தாம் வைக்கும் விசுவாசத்துக்குப் பங்காளி யாரும் வரமாட்டார்கள் என்றும் அதில் இருந்தது. அழகர் பெருவிரல் வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். நாலு எழுத்தையும் போட்டு முடிக்கும்வரை பஜார் காத்துக்கொண்டிருந்தது.

முகவரி: ஜனாதிபதி, நவூரு, பசிபிக் சமுத்திரம்.

லயத்துக்குத் திரும்பியதும் இராக்கம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அங்க அரிசி வெளையுமா?"

"கப்பல்ல வருது."

"சரி, இங்கயும் கப்பல்லதான் வருது. தண்ணி?"

அழகர் தயங்கினார். "மழை பெஞ்சா உண்டு. இல்லாட்டி அதுவும் கப்பல்லதான்."

"தண்ணி கப்பல்லயா?" இராக்கம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "இங்க ஒரு மாசம் பீலிக் குழாயில தண்ணி நின்னதுக்கே நம்ம எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சி பாக்கல. தண்ணிய வெல குடுத்து வாங்குற நாட்டுல என்னைக் கொண்டு போயி வைக்கப் போறீங்களா?"

"காம்பராவ விட்டு எறங்கச் சொல்லியிருக்கான். ஞாபகம் இருக்கா?"

இராக்கம்மா மறுபடி அடுப்பை ஊதினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க வெயிலா, குளிரா?" என்று கேட்டாள்.

சுவருக்கு அந்தப்பக்கத்துக் காம்பராவில் இருந்த தம்பையாவுக்கு எல்லாம் கேட்டது. லயத்தின் சுவர் அப்படிப்பட்டது. தம்பையாவுக்கும் நாடு இல்லை. ஆனால் அழகரைப் போல விண்ணப்பம் போட்டு இல்லாமல் போனவரில்லை. போடாமலே இல்லாதவர். போட்டால்தானே இல்லை என்பான் என்பது அவருடைய கட்சி. மறுநாள் பெரட்டுக் களத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க ஜனாதிபதி. ஒங்க நாட்டுல நமக்கு ஒரு கங்காணி வேல கெடைக்குமா?"

"கங்காணி எல்லாம் கெடையாது. பாராளுமன்ற மெம்பர் வேணும்னா ஆகலாம். பதினெட்டு எடந்தான் இருக்கு, வெரசாச் சொல்லு."

பொம்பளையாட்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சிரித்தார்கள். அன்றிலிருந்து தோட்டத்தில் அவருக்கு நவூருக்காரர் என்று பேர். அழகர் அதைத் துடைத்துப் போட முனையவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் புவாத்திடம் போய்ப் புத்தகத்தில் நவூருவைப் பற்றிய பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நவூருவுக்குத் தலைநகரம் என்று ஒன்று கிடையாது. பட்டாளம் கிடையாது. சனத்தொகை ஏழாயிரம். தீவைச் சுற்றி ஒரே ஒரு ரோட்டு, பன்னிரண்டு மைல். கொடி நீலம். குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்குக் கீழே பன்னிரண்டு முனை வைத்த வெள்ளை நட்சத்திரம், அங்குள்ள பன்னிரண்டு குலத்துக்கு முனைக்கு ஒரு குலம். உரம் போடும்போது இதையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். இலங்கையைப் பற்றியோ இந்தியாவைப் பற்றியோ அவருக்கு இவ்வளவு தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லி அவைகளும் கேட்டதில்லை.

இந்த மும்முரத்தில் ஒரு காரியம் நடக்காமல் போயிற்று. இந்தியாவின் கடிதத்தில் கடைசிப் பத்தியில், முடிவில் திருப்தி இல்லாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. அதை அடிப்பதாகத்தான் புவாத் முதலில் நினைத்திருந்தான். அழகர், "ஒரு நேரத்துல ரெண்டு நாட்டுக்கிட்டக் கேட்டா மரியாதையா இருக்காது தம்பி. இவங்க பதில் வரட்டும்" என்று தடுத்துவிட்டார். முதலில் இலங்கை, பிறகு இந்தியா என்று ஒருமுறை போய்ப் பட்டவர். நீ அங்கேயும் கேட்டவன்தானே என்று இந்திய அதிகாரி அப்போது அவரைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தொண்ணூறாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அழகர் ஐந்தாம் நம்பர் மலையில் உரம் போட்டார்.

பதில் வந்தது.

தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து பெரட்டுக் களத்துக்கு வரும். கணக்கப்பிள்ளை அந்த உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முத்திரையில் ஒரு கடற்பறவை. தம்பையா எட்டிப் பார்த்தார். உறையில் கொட்டையாக டைப் அடித்திருந்ததைக் கணக்கப்பிள்ளை உரக்க வாசித்தார்: "மிஸ்டர் அழகர்."

களத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. மிஸ்டர் என்பது அந்தத் தோட்டத்தில் இதுவரை துரைக்கு மட்டும் இருந்தது.

"மிஸ்டர் அழகர், வந்து வாங்கிக்க" என்றார் கணக்கப்பிள்ளை.

சனிக்கிழமை வரை அழகர் உறையைக் கிழிக்கவில்லை. டின்னில் மற்ற இரண்டு கடிதங்களோடும் சேர்க்கவும் இல்லை, அவற்றின் ராசி இதிலும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். இராக்கம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்தாள்.

புவாத் உறையைப் பார்த்ததும் வெளுத்துப் போனான். பதில் வரும் என்று அவன் நினைத்திருக்கவேயில்லை. பிளேடால் ஓரத்தைக் கீறி எடுத்தான். கடிதத்தின் தலையில் நட்சத்திரம் போட்ட அரசாங்க இலச்சினை. முதலில் மனசுக்குள் வாசித்தான். பிறகு மறுபடியும் வாசித்தான்.

"என்னா தம்பி, எழுத்து மங்கலா இருக்கா?"

"இல்ல அண்ணே." புவாத் தமிழில் சொல்லத் தொடங்கினான். "அன்புள்ள மிஸ்டர் அழகர். உங்கட கடிதத்த நாங்க கவனமா வாசிச்சோம். உங்கட நெலமைக்காக மெய்யாவே வருந்துறோம் எண்டு எழுதீக்கி."

"வருந்துறாங்களா?"

"ஓ. மெய்யாவே."

"இவங்க ரெண்டு பேரும் வருந்தல" என்றார் அழகர். "அப்பறம்?"

"நவூருப் பிரஜை எண்டா அந்த மண்ணுல, அந்தப் பன்னெண்டு குலத்துல பொறந்தீக்க ஓணும். வெளி ஆக்களுக்குக் குடுக்க அவங்கட சட்டத்துல வழி இல்லயாம்."

அழகர் தலையை மெல்ல ஆட்டினார். அது அவர் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல ஆட்டினார்.

"அப்ப ஒரம் வெட்டுறது யாரு? ஏழாயிரம் பேருல அத்தன பேரும் வெட்டுறாங்களா?"

புவாத் அடுத்த பத்தியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை. அழகர் காகிதத்தில் விரலை வைத்தார். "இந்த எடத்தத் தாண்டுறீங்க தம்பி. இங்க நாலு வரி இருக்கு."

"வெட்டுறதுக்கு வேற தீவுகள்ல ஈந்தும் ஹொங்கொங்ல ஈந்தும் ஆக்களக் கொண்டு வாறாங்களாம் அண்ணே. இத்தன வருசமெண்டு கொந்தரப்புக்கு. அவங்களுக்கு ஒரு பக்கமா வரிசையாக் கட்டிடம் கட்டிக் குடுத்தீக்கி. கொந்தரப்பு முடிஞ்சா பொண்டாட்டி புள்ளயோட திருப்பி அனுப்பிடுவாங்க. எத்தன வருசம் ஈந்தாலும் பிரஜாவுரிம இல்ல. இப்போதைக்குப் புது ஆள் எடுக்கிறதும் இல்லயாம்."

அழகர் குடைக்கடை வாசலில் தொங்கிய கறுப்புக் குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயும் லயமா?"

புவாத் கடிதத்தின் மடிப்பை நீவினான்.

"காம்பரா எத்தன அடின்னு போட்டிருக்கானா?"

"அது எழுதல்ல."

"நம்மளது பத்துக்குப் பன்னெண்டு." அழகர் எழுந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். "கடைசியில ரெண்டு வரி இருக்கே, அது என்னா?"

"இன்னம் கொஞ்ச வருசத்துல ஒரம் முழுக்க முடிஞ்சு போயிடுமாம். அப்ப நாங்களே எங்க போறதுண்டு யோசிச்சிக்கிட்டு ஈக்கோம். உங்களுக்கு நல்லது நடக்க வாழ்த்துறோம். இவ்வளவுதான்."

உள்ளே ஹாஜியார் குடையை மடித்துவிட்டு வெளியே வந்து நின்றார். மகனைத் திட்ட வாயெடுத்தவர், அழகரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டாமல் ஒரு பிளேன்டீக்குச் சொல்லியனுப்பினார். அழகர் குடித்தார். அவர் உரம் போட்ட செடியில் கிள்ளிய கொழுந்தின் தூளாகவும் இருக்கலாம்.

ஆனி மாதம் விசாரணை வைத்தார்கள். தொழிற்சாலை வராந்தாவில் மேசை போட்டு ஓர் அதிகாரியும் ஒரு கிளாக்கரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ப் பிரிவு முழுவதும் வெயிலில் வரிசை நின்றது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி என்று யார் வந்து காகிதம் கேட்டாலும் சீல் குத்திய எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும். எது உதவும், எது உதவாது என்று நாம் முடிவு பண்ணக் கூடாது. அம்மை குத்திய துண்டு, கூப்பன் புத்தகம், செத்துப்போன மாட்டுக்கு எடுத்த லைசென்ஸ் வரை டின்னோடு கொண்டு வந்து கவிழ்ப்பார்கள்.

தம்பையாவின் முறை முதலில் வந்தது. அவரிடம் டின்னே இல்லை.

"எங்கயும் விண்ணப்பம் போடலியா?" என்றான் கிளாக்கர்.

"இல்லீங்க."

"ஏன்?"

"சோம்பல்தாங்க."

கிளாக்கர் பட்டியலில் நாடு என்ற கட்டத்தில் 'தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதினான்.

அடுத்து அழகர். டின்னைக் கவிழ்த்தார். கிளாக்கர் இலங்கைக் கடிதத்தைப் பார்த்தான், வைத்தான். இந்தியக் கடிதத்தைப் பார்த்தான், வைத்தான். பேனாவைக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"இவருக்கும் தீர்மானிக்கப்படவில்லைன்னு போடவா சேர்?"

"அதெப்படி?" என்றார் அதிகாரி. "ரெண்டு தரம் தீர்மானிச்சாச்சே. கட்டத்தச் சும்மாவும் விட முடியாது. போன தோட்டத்து லிஸ்ட் அப்படித்தான் திரும்பி வந்தது. வேறென்ன காகிதம் இருக்கு?"

கிளாக்கர் டின்னின் அடியில் இருந்து அந்த உறையை எடுத்தான். கடிதத்தை உருவித் தலைப்பிலிருந்த நட்சத்திரத்தைப் பார்த்தான். "இது எந்த அரசாங்கம்?"

"நவூருங்க" என்றார் அழகர். "ஆனா அவங்களும் முடியாதுன்னுட்டாங்க. அந்தக் காயிதம் அதுக்கில்லீங்க. எல்லாத்தையும் காட்டணுமேன்னு..."

கிளாக்கருக்கு வரிசையின் நீளம் தெரிந்தது. மத்தியானச் சாப்பாடு உள்ளே வந்துவிட்டதும் தெரிந்தது. மற்ற இரண்டு கடிதங்களும் பைல் நம்பரோடு தொடங்கின, ஆளின் பேர் நாலாவது வரியில்தான் வந்தது. இந்தக் கடிதம் ஒன்றுதான் அன்புள்ள மிஸ்டர் அழகர் என்று தொடங்கியது. உள்ளே வாசிக்க அவனுக்கு அவசியம் படவில்லை. தெரியாத ஊர்க்காரனை எந்த அரசாங்கம் அன்புள்ள என்று கூப்பிடும்? கட்டத்தில் எழுதினான். கடிதத்தைப் பட்டியலோடு குண்டூசி போட்டுக் குத்தினான்.

"ஐயா, அது இல்லீங்க..."

"அடுத்தது."

வரிசை அழகரை முன்னால் தள்ளி வெளியே விட்டது. கட்டத்தில் தம் பேருக்கு நேரே ஏதோ எழுதியிருந்ததை அவர் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டம் நிரம்பியது அதுதான் முதல் தடவை. சரியில்லை என்று தெரிந்தும், பாதி வழி வரை நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. அதைக் கூட நடந்த இராக்கம்மா கவனித்தாள்.

ஆடி முதல் வாரத்தில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று சுவரில் ஒட்டியது: தீர்மானிக்கப்படாதவர்களை எங்கே அனுப்புவது என்று மேலிடம் இன்னும் தீர்மானிக்காத காரணத்தால், அவர்கள் மறு அறிவித்தல் வரை இருக்கிற காம்பராவிலேயே இருக்கலாம். மற்றது அழகருக்குத் தனியாக வந்தது. நவூரு நாட்டவராகிய அவர் விசா எதுவும் இல்லாமல் இந்நாட்டில் தங்கியிருப்பது தெரிய வந்திருப்பதால், பதினான்கு நாளில் காம்பராவை ஒப்படைத்துவிட்டுத் தம் மனைவியோடு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை.

புவாத் அதை மூன்று தரம் வாசித்தான்.

"நான் அந்த நாட்டுக்காரன் இல்லேன்னு ஒரு மனு அடிங்க தம்பி."

"அடிக்கலாம் அண்ணே. அத்தாட்சி கேப்பாங்க. அந்தக் கடிதம் எங்க?"

"குண்டூசி போட்டு எடுத்துக்கிட்டாங்க."

இருவரும் விசாரணை வைத்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனார்கள். பைல் கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதில் இருப்பது மறுப்புக் கடிதம்தான், எடுத்து வாசித்துப் பாருங்கள் என்று புவாத் சொன்னான். கொழும்பில் இருப்பதை இங்கிருந்து எப்படி வாசிப்பது என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. அழகர் நவூரு நாட்டவர் இல்லை என்று நவூரு அரசாங்கத்திடமிருந்து இன்னொரு கடிதம் வாங்கி வந்தால் கவனிப்பதாகவும் சொன்னார்கள். போன கடிதம் போய் வர மூன்று மாதத்துக்கு மேல் பிடித்திருந்தது. கையில் பதினொரு நாள் இருந்தது.

திரும்பி வரும் வழியில் புவாத், "அண்டைக்கு நான் பகிடிக்குத்தான் சொன்னேன் அண்ணே" என்றான்.

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா அடிக்கச் சொன்னீங்க?"

"நீங்க ஒருத்தர்தான் பகிடின்னு ஒத்துக்கிட்டுச் செஞ்சீங்க" என்றார் அழகர். "மத்தவங்க ஒத்துக்கவே இல்லியே."

பதினான்காம் நாள் காலை கிளாக்கரும் இன்னும் இருவரும் பூட்டோடு வந்தார்கள். இராக்கம்மா காம்பராவைக் கூட்டி மெழுகிவிட்டுத்தான் வெளியே வந்தாள். பூட்டுகிறவன் ஈரம் காய்வதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. அவன் கால் தடம் உள்ளே பதிந்தது. கிளாக்கர் கதவில் சோக்கட்டியால் 'வெளிநாட்டவர் – ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டான். தம்பையா தம் வாசலில் நின்றார். அவருக்கு ஏதாவது பகிடி சொல்லவேண்டும் போலிருந்தது. வரவில்லை. இராக்கம்மாவின் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வரை வந்தார். பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொன்னதும் மறுபடி தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

வவுனியாப் பக்கம் தோட்டத்து ஆட்கள் காட்டோரத்தை வெட்டிக்கொண்டு குடியேறுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே நாடு கேட்கிறார்களா என்று சொன்னவருக்குத் தெரியவில்லை. பதுளை பஸ் நிலையத்தில் பலீல் ஹாஜியார் வந்து ஒரு புதுக் குடையைக் கொடுத்தார். மகன் காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொன்னார். அழகர் எதிர்ப்பக்கம் குடைக்கடை வாசலைப் பார்த்தார். அங்கே டைப்ரைட்டர் மேசைக்குப் பின்னால் புவாத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"காய்ச்சல் சீக்கிரம் கொறையட்டும் மொதலாளி" என்றார் அழகர்.

வடக்கே போகும் பஸ் கிளம்ப நேரமிருந்தது. இராக்கம்மா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் டின் காலடியில். நெடுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அந்தத் தீவுல கொந்தரப்பு முடிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு சொன்னீங்களே, அந்த ஆளுங்க எங்க போவாங்க?"

"அவங்கவங்க தீவுக்கு."

"அவங்களுக்குன்னு தீவு இருக்கா?"

"இருக்காம்."

இராக்கம்மா மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"குடுத்து வச்சவங்க" என்றாள்.